கிணற்று உப்பு

ஹாவ்தெம், கோத்லாந்து தீவு, சுவீடன்
மார்ச் 4

சிக்னே,

ஃபோன்ல என்னைத் தடுத்து வெச்சிருக்க. மெயில் போட்டா பதில் இல்ல. தபால்காரியை மட்டும் உன்னால தடுக்க முடியாது, அதான் பேப்பர்ல எழுதுறேன். கையெழுத்து கேவலமா இருக்கும். பொறுத்துக்கோ.

நமக்குள்ள இருக்கிற சண்டையைப் பேச இதை எழுதல. அப்பா கால் விஷயம். இடது கால்ல சுண்டு விரலும் அதுக்குப் பக்கத்து விரலும் கறுத்துப்போச்சு. பாதத்துக்கு அடியில ஒரு புண்ணு, பள்ளமா. அவருக்கு வலியே தெரியல, சர்க்கரை அந்த நரம்பையெல்லாம் எப்பவோ தின்னுடுச்சு. குளிர்காலம் பூரா அந்தக் காலை ரப்பர் பூட்ஸுக்குள்ள விட்டுக்கிட்டு ஆட்டுக்குப் புல் போட்டுட்டு இருந்திருக்கார். நவம்பர்ல நான் பையோட வந்து இறங்கினப்பவே நாத்தம் அடிச்சது. ஆட்டு நாத்தம்னு நினைச்சேன்.

விஸ்பி ஆஸ்பத்திரியில டாக்டரம்மா மறைக்காம சொல்லிட்டாங்க. ரெண்டு விரலை இப்பவே எடுத்துட்டா அதோட முடிஞ்சிடும். தள்ளிப்போட்டா எந்த இடத்துல வெட்ட வேண்டியிருக்கும்னு அவங்களாலயே சொல்ல முடியாதாம்.

நம்ம அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "எம் பொண்ணு லுந்த்ல இதுக்குத்தான் மருந்து செய்யிறா. அவகிட்ட கேக்காம ஒரு நகத்தைக்கூடத் தர மாட்டேன்." டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, "நீங்களும் அந்தப் படிப்புதானா?"ன்னு கேட்டாங்க. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அப்பா முந்திக்கிட்டார். "இவன் பாதியில விட்டவன்."

சரி, விட்டவன்தான். அதனால நான் சொன்னா கேக்க மாட்டார். நீ சொன்னா கேப்பார். ஒரே ஒரு ஃபோன் போடு. மருந்து இன்னும் தயாராகல, விரலை எடுத்துக்கோங்கன்னு சொல்லிடு. அவ்வளவுதான் வேணும் எனக்கு.

மால்தே


லுந்த்
மார்ச் 12

மால்தே,

உன் கடிதம் கிடைத்தது. உன்னை ஏன் தடுத்து வைத்தேன் என்று நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகத் துறைக் கருத்தரங்கில் என் மருந்துக்குப் பணம் போட வந்தவர்கள் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஓர் ஆய்வு மாணவன் எழுந்து, "இது தண்ணியில வேலை செய்யும், மனுஷன்ல செய்யாது. இங்க இருக்கிற எல்லாருக்கும் அது தெரியும்" என்றான். அந்த மாணவன் என் தம்பி. பிறகு காபிக் கோப்பையை மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே போனான். மறுநாள் படிப்பையும் அதே மாதிரி விட்டுவிட்டான். அந்தக் கோப்பையைக் கழுவி வைத்தது நான்தான்.

அப்பாவை அழைத்தேன். நீ சொல்லச் சொன்னதைச் சொல்லத்தான் அழைத்தேன். அவர் ஹலோ என்றுகூடச் சொல்லவில்லை. "எப்பம்மா அனுப்புற?" என்றார். சீக்கிரம் அனுப்புகிறேன் அப்பா என்றேன்.

மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் சோதனையில் அவரைச் சேர்க்க முடியாது. சிறுநீரகம் பழுதானவர்களை நாங்கள் எடுப்பதில்லை. அதனால் இந்தப் பொட்டலத்தில் குழாய்க் குழாயாக அந்தக் களிம்பை அனுப்புகிறேன். இது அனுமதி இல்லாத காரியம். தெரிந்தால் என் வேலை போகும், சோதனையே நின்றுபோகும். ஆகவே ஃபோனிலோ மெயிலிலோ ஒரு வார்த்தையும் வேண்டாம். காகிதத்தில் மட்டும் எழுது. கட்டுப்போட வரும் பிரித்தாவுக்கும் தெரிய வேண்டாம்.

இங்கே செவிலியர்கள் செய்வதைப் போலவே செய். வெதுவெதுப்பான குழாய்த் தண்ணீரில் புண்ணை நன்றாகக் கழுவு. ஈரம் காய்வதற்குள் களிம்பைத் தடவி மூடு. காலையும் மாலையும். ஏப்ரல் கடைசி வரை பார்ப்போம். புண் சுருங்கவில்லை என்றால் விரலை எடுக்கச் சொல்லி நானே அவரிடம் பேசுகிறேன்.

சிக்னே


ஹாவ்தெம்
ஏப்ரல் 3

சிக்னே,

ரகசியமாம். பொட்டலம் வந்த அன்னைக்கே அப்பா பக்கத்து வீட்டு ரூனோவைக் கூப்பிட்டு, களிம்புக் குழாயைக் கையில குடுத்துக் காட்டினார். "எம் பொண்ணு செஞ்சது, மோந்து பாரு"ன்னார். பிரித்தாவுக்கு அன்னைக்குச் சாயங்காலமே தெரிஞ்சுபோச்சு. அவங்க நல்லவங்க. அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "ஆல்கோட், நான் எதையும் பாக்கல"ன்னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

நீ சொன்ன மாதிரிதான் செய்யிறேன். சமையலறையில ஸ்டூல் போட்டு, ஆட்டுக்குட்டிக்குப் பால் கரைக்கிற தொட்டியைத் தேய்ச்சுக் கழுவி, அதுல அவர் காலை வெச்சு ஊத்துறேன். அவர் மேல இருந்து மேற்பார்வை பாக்குறார்.

"இது எப்படிடா கிருமியைக் கொல்லுது?"ன்னு நேத்து கேட்டார். உன் மருந்து உடம்பு பூரா பிளஸ், கிருமியோட தோல் மைனஸ், ரெண்டும் இழுத்து ஒட்டிக்கும், ஒட்டினதும் தோல் கிழியும், கிருமி செத்துடும்னு சொன்னேன். நம்ம உடம்போட செல்லு அவ்வளவு மைனஸ் இல்ல, அதனால அதைச் சீண்டாதுன்னும் சொன்னேன்.

"அப்புறம் ஏன் நீ அவகூடச் சண்டை போட்ட?"

ஜூலையில விஸ்பி படகுத்துறையை நினைச்சுக்கோங்கன்னேன். இந்தப் பக்கம் நீங்க. அந்தப் பக்கம் படகுல இருந்து சிக்னே இறங்குறா. ஆள் இல்லாத நாள்னா நேரா ஓடிப்போய்க் கட்டிப்பீங்க. ஆனா நடுவுல டூரிஸ்ட்டுக் கூட்டம், பெட்டி, ஐஸ்கிரீம், நாய். அவ இருக்கிறதே உங்களுக்குத் தெரியாது. உப்புன்னா அந்தக் கூட்டம். உடம்புல இருக்கிற தண்ணியெல்லாம் உப்பு. அவ மருந்தும் கிருமியும் ஒண்ணையொண்ணு பாக்காது.

தொட்டியில இருந்த காலைக் குனிஞ்சு பாத்தார். "அப்ப நான் பிளஸ்ஸா, மைனஸா?"

"நீங்க உப்பு, அப்பா. எங்க ரெண்டு பேரையும் ஒட்டவிடாம நடுவுல நிக்கிறீங்க."

சிரிச்சார். நல்லாவே சிரிச்சார்.

புண்ணு சுருங்கல. பெருசாவும் ஆகல. நீ கேக்குறதுக்கு முன்னாடி நானே சொல்லிட்டேன்.

மால்தே


லுந்த்
ஏப்ரல் 10

மால்தே,

பெருசாகவில்லை என்று எழுதியிருக்கிறாய். மார்ச்சில் ஒவ்வொரு வாரமும் பெருகிக்கொண்டிருந்த புண் நின்றிருக்கிறது. உன் வாயால் நல்ல செய்தி வருவதாக இருந்தால் அது இப்படித்தான் வரும்.

உன் படகுத்துறைக் கதை எனக்குத் தெரியும். கருத்தரங்கில் அதையே வேறு வார்த்தைகளில் சொன்னாய். நீ கணக்குப் போட்டுப் பார்த்த கணினிக்குள் உப்பு இருக்கிறது, என் மருந்து இருக்கிறது, கிருமி இருக்கிறது. மனிதன் இல்லை. இங்கே மனிதர்கள் இருக்கிறார்கள். எஸ்லோவில் இருந்து ஓர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் வருகிறார். ஒரு வருடமாக ஆறாத புண். போன வாரம் ஷூ போட்டுக்கொண்டு நடந்தே வந்தார். எனக்கு ஒரு பெட்டி இலவங்கப்பட்டை ரொட்டி கொண்டுவந்தார். உன் கணக்குப்படி அவர் நடக்கக் கூடாது. அதை அவரிடம் யார் போய்ச் சொல்வது?

எப்போதும் நீதான் முதலில் கண்டுபிடிப்பாய். எப்போதும் முடிக்காமல் விடுவாய். முடித்தவர்கள் எல்லாரும் பொய்யர்கள் என்று உனக்கு ஒரு நினைப்பு. முனைவர் படிப்பை முடிப்பவர்களின் வழக்கப்படி என் ஆய்வேட்டைத் துறைப் பலகையில் ஆணி அடித்து மாட்டிய அன்று அப்பா தன் சொந்தச் சுத்தியலை ஊரில் இருந்து தூக்கிக்கொண்டு வந்தாரே, அப்போதுகூட நீ ஓரமாக நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாய். அடுத்தது மால்தே என்று சொல்லி அவர் அந்தச் சுத்தியலைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். நான் பார்த்தேன். நீயும் பார்த்தாய்.

தொடர்ந்து தடவு.

சிக்னே


ஹாவ்தெம்
ஏப்ரல் 25

சிக்னே,

இன்னைக்குக் கெட்டிலைக் கழுவினேன். வினிகர் ஊத்திக் கொதிக்க வெச்சா அடியில இருந்து வெள்ளைத் தகடு தகடா பேந்து வருமே, அதே கெட்டில்தான். சின்ன வயசுல நீ அந்தத் தகட்டை உடைச்சு எனக்குப் பல்லு செஞ்சு குடுத்திருக்க.

கையில ஒரு தகட்டை வெச்சுக்கிட்டு நின்னுட்டேன். காபி ஆறிப்போச்சு.

உன் ஆய்வகத்துல எல்லாமே சுத்திகரிச்ச தண்ணி. உங்க ஆஸ்பத்திரியில குழாய்த் தண்ணி, அது வடக்க காட்டு ஏரியில இருந்து வருது, அதுல ஒண்ணுமே கிடையாது. அதுல கழுவினதும் புண்ணு மேல கொஞ்ச நேரம் உப்பு இல்லாம இருக்கு. அந்தக் கொஞ்ச நேரத்துலதான் உன் மருந்து போய் ஒட்டுது. இங்க? நம்ம கிணறு சுண்ணாம்புப் பாறைக்குள்ள இருக்கு. அந்தக் காஞ்ச கோடையில அப்பா அதை இன்னும் ஆழமா தோண்டினாரே, அப்ப இருந்து கீழ கடல்தண்ணி வேற கசியுது. விருந்தாளிங்க காபி உப்பா இருக்குன்னா, "கடல்ல பாதி, மழையில பாதி, இது மாதிரி தண்ணி ஸ்டாக்ஹோம்ல கிடைக்குமா?"ம்பார். முனிசிபாலிட்டி குழாய் போட வந்தவங்களைத் திட்டி அனுப்பினவர்.

அந்தத் தண்ணியிலதான் நான் காலையும் சாயங்காலமும் புண்ணைக் கழுவுறேன். சுண்ணாம்புல இருக்கிற கால்சியம் ரெட்டை பிளஸ். உன் மருந்து போய்ச் சேர்றதுக்குள்ள கிருமியோட தோல் மேல எல்லா இடத்துலயும் அது ஏறி உக்காந்திருக்கும். வாழ்க்கை பூரா மின்சுமை மின்சுமைன்னு பேசின ரெண்டு பேருக்கு, வளர்ந்த வீட்டுத் தண்ணி ஞாபகம் வரல. நமக்குத் தண்ணின்னா ஆய்வகத்துல அந்த வெள்ளைக் கேன்ல வர்ற சுத்தத் தண்ணிதான். குழாயில வர்றது கை கழுவ.

ஆனா நீ சந்தோஷப்படாத. கிணறு கெட்டதுன்னா உன் மருந்து நல்லதுன்னு அர்த்தம் இல்ல. புண்ணுக்குள்ள இருந்து கசியிறதும் உப்புதான். லுந்த்ல உங்களுக்குக் கிடைக்கிறது கொஞ்ச நிமிஷம், அவ்வளவுதான். உன் பஸ் டிரைவருக்குத் தினம் ஒரு நர்ஸ் புண்ணைக் கழுவிச் சுத்தமா கட்டுப் போட்டாங்க. வெறும் அதுக்கே பாதிப் பேருக்கு ஆறும்.

ஏப்ரல் முடியப்போகுது. விரலை எடுக்கச் சொல்றேன்னு எழுதியிருந்த. சொல்லு.

மால்தே


லுந்த்
மே 2

மால்தே,

உன் கடிதத்தை ஆய்வகத்தில் நின்றபடியே படித்தேன். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தேன். எப்படி மறந்தோம்? அந்தக் கெட்டிலை நான்தானே தேய்ப்பேன்.

நம் வீட்டுத் தண்ணீரில் இருக்கும் அளவுக்குச் சுண்ணாம்பும் உப்பும் கலந்து, கிருமிகள் மேல் களிம்பை வைத்துப் பார்த்தேன். நீ சொன்னபடியே, ஒட்டவே இல்லை. வெறும் தண்ணீரில் வைத்ததும் ஒட்டியது. நீ இங்கே இருந்திருக்க வேண்டும். இதை எழுத எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அப்படியானால் அப்பாவுக்கு இந்த மருந்து உண்மையில் இன்னும் தரப்படவே இல்லை. இத்தனை நாளும் தந்தது கணக்கில் சேராது. பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு ஊற்றும் உப்பு நீக்கிய தண்ணீர் கேன் கேனாகக் கிடைக்கும். வாங்கிக் கொதிக்க வைத்து ஆற வைத்துக் கழுவு. தண்ணீர் ஒன்றைத் தவிர வேறு எதையும் மாற்றாதே. மே கடைசி வரை. அதற்குப் பிறகு நான் ஒரு வார்த்தையும் தடுத்துப் பேச மாட்டேன்.

புண்ணில் இருந்து கசிவதும் உப்புதான் என்கிறாய். தெரியும். அந்தச் சில நிமிடங்கள் போதும் என்றுதான் நான் நம்புகிறேன். நம்பாமல் இருந்தால் இந்தக் கட்டிடத்துக்குள் காலையில் நுழையவே முடியாது.

சிக்னே


ஹாவ்தெம்
மே 22

சிக்னே,

ஹெம்சே பங்குல இருக்கிற பையன் என்னைப் பார்த்து, "எத்தனை பேட்டரி வெச்சிருக்கீங்கண்ணா?"ன்னு கேட்டான். ஒண்ணுதான், எழுபது வயசு ஆகுதுன்னேன்.

தண்ணி மாத்தினோம். வேற எதுவும் மாத்தல. முதல் வாரம் அப்பா அந்தக் கேன் தண்ணியைப் பார்த்து, "இது செத்த தண்ணி, இதுல காபிகூடப் போட முடியாது"ன்னு முணுமுணுத்தார். நீ சொன்னன்னதும் வாயை மூடிக்கிட்டார்.

ரூனோ மீன்தொட்டிக்கு உப்பு பாக்க ஒரு மீட்டர் வெச்சிருக்கார். வாங்கிட்டு வந்தேன். கழுவி முடிச்சதும் புண்ணு மேல வெச்சா ஒண்ணும் காட்டல. களிம்பு தடவி மூடி, ஒரு காபி குடிச்சுட்டு வந்து கட்டுத்துணி ஈரத்துல வெச்சேன். முள்ளு எகிறிடுச்சு. அந்தப் புண்ணு அழுதுட்டே இருக்கு, சிக்னே. கிணத்துல இருந்து வரல அந்த உப்பு. அவர்கிட்ட இருந்து வருது. உன்கிட்ட இருந்தும் வரும், அந்த பஸ் டிரைவர்கிட்ட இருந்தும் வரும்.

கறுப்பு மேல ஏறுது. இப்ப மூணாவது விரல் வரைக்கும் வந்துடுச்சு, பாதத்து ஓரமும் நிறம் மாறிப்போச்சு. திங்கக்கிழமை விஸ்பிக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டரம்மா இந்தத் தடவை திட்டல. அதுதான் பயமா இருந்துச்சு. பாதி பாதத்தை எடுக்கணும், இந்த வாரமே எடுத்தா குதிகால் மிஞ்சும், நடக்கலாம்னாங்க. பேப்பரை நீட்டினாங்க.

"எம் பொண்ணு மாசக் கடைசி வரைக்கும் பாக்கச் சொல்லியிருக்கா"ன்னு பேனாவைத் திருப்பிக் குடுத்துட்டார்.

நான் வண்டியில வெச்சுக் கத்தினேன். எல்லாத்தையும் சொன்னேன், மீட்டர், உப்பு, எல்லாத்தையும். அவர் வெளிய வேடிக்கை பாத்துக்கிட்டே வந்தார். வீடு வந்ததும், "உனக்கு அவ மேல பொறாமை. அது தப்பில்ல, தம்பின்னா இருக்கும்"னார்.

அவருக்கு ஃபோன் பண்ணு. இன்னைக்கே. வெட்டுங்கன்னு ஒரு வார்த்தை. அதுக்கப்புறம் வாழ்க்கை பூரா என்கூடப் பேச வேண்டாம், பரவாயில்ல.

மால்தே


லுந்த்
மே 30

மால்தே,

அழைத்தேன். இரண்டு முறை.

முதல் முறை, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். "நீ கவலைப்படாம உன் வேலையைப் பாரு, நான் பொறுமையாத்தான் இருக்கேன்" என்றார். ஆட்டுக்குட்டிகள் எத்தனை பிழைத்தன என்று சொன்னார். நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன். வைத்துவிட்டேன்.

இரண்டாவது முறை, விரலை எடுக்க வேண்டியிருக்கலாம் என்று தொடங்கினேன். "அப்ப உன் மருந்து?" என்றார். அது வேலை செய்யவில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சோதனையின் அடுத்த கட்டத்துக்கு இந்த வாரம்தான் ஒப்புதல் வந்தது, இங்கே கேக் வெட்டினார்கள், பக்கத்து அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் அப்பா என்றேன்.

உன் மீட்டரைப் பற்றி எழுதியிருந்தாய். மீன்தொட்டி மீட்டர் அது. நான் வேறு என்ன சொல்ல? அடுத்த வாரம் அவரிடம் பேசிவிடுகிறேன். சத்தியமாக.

சிக்னே


விஸ்பி
ஜூன் 24

சிக்னே,

மிட்சம்மர் திருவிழா அன்னைக்குக் காய்ச்சல் வந்துச்சு. ஊரே கம்பம் நட்டு ஆடிட்டு இருக்கு. இவர் புது உருளைக்கிழங்கையும் ஹெரிங் மீனையும் தட்டுல வெச்சுக்கிட்டு நடுங்குறார். "குளிருதுடா, கதவைச் சாத்து"ன்னார். வெயில் கொளுத்துது. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள என்னை அம்மா பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பிச்சுட்டார்.

முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. பேப்பர்ல நான்தான் கையெழுத்துப் போட்டேன், அவருக்கு நினைவு இல்ல.

உயிருக்குப் பயமில்லையாம்.

அடுத்த வாரம் பேசுறேன்னு எழுதியிருந்த. இப்பப் பேசு, கேக்க ஆள் இருக்கார்.

மால்தே


லுந்த்
ஜூலை 6

மால்தே,

நீ எழுதாததையும் பிரித்தா சொன்னார். பத்து நாட்களாக நீ மருத்துவமனை நாற்காலியிலேயே தூங்கினாயாம்.

அப்பாவிடம் பேசினேன். நேற்று அவரே அழைத்தார். குரல் தெளிவாக இருந்தது. அவர் அழவில்லை, கோபப்படவும் இல்லை. ஒன்றே ஒன்று கேட்டார். "மத்தவங்களுக்கெல்லாம் ஆறுச்சாமே, எனக்கு மட்டும் ஏம்மா ஆறல?"

என்ன சொல்வேன் என்று நீ எதிர்பார்த்தாய்? மகள் கொடுத்த மருந்து பொய், அதற்காகக் காத்திருந்துதான் உங்கள் கால் போனது என்று, கால் போன இரண்டு வாரத்தில், ஃபோனில் சொல்வதா? அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. கிணற்றுத் தண்ணீர் என்றேன். சுண்ணாம்பும் உப்பும் மருந்தை ஒட்டவிடவில்லை என்றேன். அது பொய் இல்லை. நீயே கண்டுபிடித்தது. நான் செய்து பார்த்தது. கேன் தண்ணீரைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பிறகு, "சரிம்மா, இப்பப் புரியுது" என்றார். அவருக்கு நிம்மதியாக இருந்தது என்றுதான் எனக்குப் பட்டது.

அடுத்த கட்டச் சோதனையில், உப்பு நீக்கிய தண்ணீரில்தான் கழுவ வேண்டும் என்று எழுதிச் சேர்த்திருக்கிறேன். ஏன் என்று எழுதவில்லை. எழுதினால் அப்பாவைப் பற்றியும் எழுத வேண்டும்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், இதுவரை நான் கேட்டதில்லை. அவரிடம் வேறு மாதிரி சொல்லிக் குழப்பாதே. இருபதாம் தேதிக்கு அடுத்த ஞாயிறு படகில் வருகிறேன். நேரில் பேசுவோம்.

உன் அக்கா
சிக்னே


ஹாவ்தெம்
ஜூலை 17

சிக்னே,

நிம்மதியா இருந்தார்னு உனக்குப் பட்டுச்சா. சரி. எப்படி நிம்மதியா இருக்கார்னு சொல்றேன், கேட்டுக்கோ.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில, சமையலறை நாற்காலியைத் தூக்கிட்டுப் போய்க் கிணத்துப் பக்கத்துல போடச் சொன்னார். காத்தாட உக்காரப்போறார்னு நினைச்சேன். உக்காந்ததும், "கொட்டகையில புதுப் பலகை இருக்கும், கொண்டா. அப்படியே என் சுத்தியலையும்"னார். அந்தத் துணி சுத்தின சுத்தியல், சிக்னே. எனக்குன்னு வெச்சிருந்தது.

"எதுக்குப்பா?"

"மூடத்தான். நாளைக்கு உனக்குக் குழந்தை குட்டின்னு வரும். அதுங்க குடிக்கக் கூடாது."

பம்ப் வயரை ஏற்கெனவே ரூனோ அறுத்துட்டுப் போயிருந்தார். இவர்தான் சொல்லியிருக்கார், எனக்குத் தெரியாம.

நீ கேட்டதை நான் செய்யல. சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். "அப்பா, கிணறு காரணம் இல்ல. கேன் தண்ணியில கழுவினோமே, ஞாபகம் இருக்கா? அதுக்கப்புறம்தான கறுப்பு மேல ஏறுச்சு? உங்க ரத்தத்துல இருக்கிற உப்பே போதும் அந்த மருந்தைத் தடுக்க. இந்தத் தண்ணி யாரையும் ஒண்ணும் செய்யல."

"அதுக்குள்ள உள்ள இறங்கியிருக்கும்."

"எது இறங்கியிருக்கும்? சுண்ணாம்பா? அதைக் குடிச்சுத்தானப்பா நாங்க ரெண்டு பேரும் வளர்ந்தோம்."

நிமிர்ந்து பாத்தார். கோபமே இல்ல அவர் மூஞ்சியில, அதுதான் தாங்கல. ஏதோ குழந்தைக்குச் சொல்ற மாதிரி சொன்னார். "மால்தே, நீ பாதியில வந்தவன். அவ முடிச்சவ. எது ஏன்னு அவளுக்குத் தெரியும்."

அப்புறம் ஆணியை வாயில வெச்சுக்கிட்டார். பேச முடியாதுங்கிறதுக்காகவே வெச்சார்னு நினைக்கிறேன். நான் பலகையைப் பிடிச்சேன். ஒரு ஆணிகூட வளையல. ஒத்தைக் கால்ல, நாற்காலி ஓரத்துல உக்காந்து, அவங்க அப்பாவோட சேர்ந்து பாறையை வெடி வெச்சு உடைச்சுத் தோண்டின கிணத்தைப் பலகை போட்டு அடிச்சு மூடினார். கடைசி ஆணி அடிச்சதும் பலகை மேல கையை வெச்சுத் தடவிப் பாத்தார், ஆட்டைத் தடவுற மாதிரி.

"அவ எவ்வளவு கஷ்டப்பட்டுச் செஞ்ச மருந்து. நான் கெடுத்துட்டேன்டா"ன்னார். "அவ வரும்போது நான் இப்படிச் சொன்னேன்னு சொல்லாத. மனசு கஷ்டப்படுவா."

சொல்லாதன்னார், சொல்லிட்டேன்.

நான் சொன்னது அவர் காதுல ஏறாது. இனிமே எப்பவும் ஏறாது. ஆனா நீ சொன்னா ஏறும். பலகையைப் பேக்க ஒரு கடப்பாரை போதும், கொட்டகையில இருக்கு. சொல்றதுக்கு வர்றதா இருந்தா வா, படகுத்துறைக்கு நானே வண்டி கொண்டு வர்றேன்.

சும்மா பாத்துட்டுப் போக வர்றதா இருந்தாலும் வா. உன் கட்டிலைப் போட்டு வெச்சிருக்கார். ஆனா குடிக்கிற தண்ணியை நீயே கொண்டு வந்துடு.

மால்தே